உன் கை எங்கே?

அச்சகத்தின் அந்த எச்சரிக்கைப் பலகையின் அடியில் மேனேஜர் பெயர் இருப்பதைத் தம்பியால் பதினொரு வருஷமாக ஜீரணிக்க முடியவில்லை. எழுதியது அவனுடைய அக்கா, அச்சகத்தில் கழிவுத்தாள் கூட்டுகிறவள். பெயர் மட்டும் மேனேஜருக்கு.

தம்பி அங்கேதான் காகிதம் வெட்டும் மெஷினை ஓட்டுகிறான். முன்பு அதன்மேல், "இயந்திரம் இயங்கும்போது கைகளை உட்செலுத்துதல் கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு பலகை தொங்கியது. ஒரு பயலும் படித்ததில்லை. இரண்டு பேருக்கு விரல் போனது.

மூன்றாம் வகுப்போடு நின்ற அக்காவுக்கு அந்தக் கழிவுத்தாள்தான் பள்ளிக்கூடம். வெட்டி விழும் கீற்றில் நாலு சொல், ஐந்து சொல்தான் மிஞ்சும். எந்த நாலு சொல் தனியாக நின்று ஆளை இழுக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. இரண்டாவது விரல் போன மறுநாள், அச்சு மையைத் தொட்டு ஓர் அட்டையில் எழுதி மாட்டினாள்:

கத்திக்குக் கண் கிடையாது.
உன் கை எங்கே?

தம்பி படித்தான். படித்த கையோடு கையை வெடுக்கென்று இழுத்தான். அடுக்கி வைத்த தாளெல்லாம் தரையில்.

"மெஷினே ஓடலைடா, மடையா!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிழை திருத்துகிறவர் வந்து பார்த்தார். "கத்தி, கண், கை... எல்லாம் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது. இதுக்குப் பேரு மோனைம்மா. முடிவுல கேள்வி வேற. பதில் சொல்லாம யாரும் தாண்ட முடியாது."

"மோனையோ பானையோ, வாய்ல ஒட்டிக்கிச்சு சார்."

அதற்கப்புறம் அந்த மெஷினில் ஒருத்தனுக்கு நகம்கூடப் போகவில்லை. மேனேஜர் அதையே வெள்ளைத் தகரத்தில் எழுதவைத்து, அடியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

அவர் போய்ப் புது மேனேஜர் வந்தார். அக்கா வேலையிலிருந்து நின்ற நாளன்று, தம்பி அவரிடம் கேட்டுக்கொண்டு, கறுப்பு பெயின்டும் பிரஷுமாக வந்து நின்றான்.

"உன் பேரை எழுதப் போறேன்க்கா. எல்லாரும் பார்க்கட்டும்."

"பேரு இருந்தா, யாரு இது, எந்த ஊருக்காரின்னு யோசிப்பான். அந்த நேரத்துல அவன் கை எங்கடா இருக்கும்?"

தம்பி பிரஷைக் கீழே இறக்கினான். மோனை சொன்ன பெரிய மனுஷருக்குக்கூட இது தோன்றவில்லையே! எதிரே வருகிறவனையெல்லாம் நிறுத்தி, 'இவ என் அக்கா' என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்வரை போனாள். அங்கிருந்து திரும்பினாள்.

"கறுப்பைக் குடுத்துட்டு வெள்ளை வாங்கிட்டு வா. அந்தப் பழைய மேனேஜர் பேரையும் அழிச்சிடு. மெஷினை நிறுத்திட்டு ஏறுடா!"