கலஹா ஏற்றமும் கனமில்லாத பிளைவீலும்

அந்தச் சிவப்புக் காரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. கார்மேல் குற்றமில்லை. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலில் வந்து இறங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. என் கணவருக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆசை அவருக்கு, கண்டியிலிருந்து கலஹாவுக்குத் தினமும் அதை ஓட்டியவள் நான்.

ஏன் நான் ஓட்டினேன் என்றால், அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. என்னுடையதில் நாவலப்பிட்டி. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் வண்டியை யார் ஓட்டுவது என்பதை இதுதான் தீர்மானித்தது. வழியில் எங்கே இராணுவம் மறித்தாலும் என் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அவருடையதை வாங்கினால் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். சிங்களமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவருக்கோ கந்தோரில் பேசும் நாலு வார்த்தைதான். காலையில் நான் ஓட்டுவேன்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து பேராதனையில், வேலை செய்யும் கந்தோரில் இறங்கிக்கொள்வார். பிறகு நான் மட்டும் கலஹா வீதியில் ஏறித் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போவேன். நிரந்தரமான இராணுவச் சாவடி அந்த ஏற்றத்தில்தான் இருந்தது, அவர் இறங்கிய பிறகு.

சாவடிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தூரத்தில் நிற்க வேண்டும். கை காட்டினால் தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே ஊர்ந்து வந்து மறுபடி நிற்க வேண்டும். இரைந்துகொண்டு வந்தால் தப்பி ஓடப் பார்க்கிறோம் என்று அர்த்தம். பின்னால் உருண்டால் அதைவிட மோசம், அவர்களுக்கு உடனே குண்டு ஞாபகம் வரும். ஊர்ந்து வருகிறவள்தான் நல்லவள். எனக்கு அது நன்றாகவே வந்தது.

ஒருமுறை காரைச் சேர்விசுக்கு என்று கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்தார். அது திரும்பி வந்த திங்கட்கிழமை, சாவடியில் கை காட்டினார்கள், நான் கிளட்சை விட்டேன், இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. கார் ஒரு முழம் பின்னால் உருண்டது. சிப்பாய் தோளில் கிடந்த துவக்கைக் கையில் எடுத்தான். நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின்மேல் வைத்துக்கொண்டு, ஐயா, மன்னிக்கவேணும் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அடுத்த நாளும் அணைந்தது. அதற்கடுத்த நாள் பயத்தில் அதிகமாக அமுக்கிவிட்டேன், கார் அலறிக்கொண்டு பாய்ந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் ஆங்கிலக் கார்ப் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

"உமக்குக் கை பதறுது. கால் அதைவிடப் பதறுது. கிளட்சை மெல்ல விடும். இத்தனை வருசமா ஓடுறீர், இது தெரியாதே?"

நான் நம்பினேன். அதுதான் வெட்கக்கேடு. பயந்து பயந்து எனக்கு ஓட்டவே மறந்துவிட்டது என்று ஆறு வாரம் நம்பினேன். சனி, ஞாயிறில் வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பழகினேன். இடது காலை நானே திட்டினேன். அவரிடம் மன்னிப்பு வேறு கேட்டேன், சீ.

ஏழாவது வாரம் சிப்பாய்களுக்குப் பொறுமை போய்விட்டது. என்னை இறக்கி, ஆசனத்தைக் கழற்றி, பிள்ளைகளுடைய அப்பியாசக் கொப்பிகளை ஈர வீதியில் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். நான் சேலை நனைய நனைய அவற்றைப் பொறுக்கினேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே கட்டுகஸ்தோட்டைக் கராஜுக்குப் போனேன். அங்கே எங்கள் காரை எப்போதும் பார்க்கிற முஸ்லிம் நானா இருந்தார். கிளட்சைப் பாருங்க நானா, ஏதோ பிழை இருக்கு என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு வட்ட இரும்பை உருட்டிக்கொண்டு வந்தார்.

"கிளட்சில ஒண்டுமில்ல தங்கச்சி. இதுதான் ஒங்கட பழைய பிளைவீல். இத ஒருக்காத் தூக்கிப் பாருங்க."

இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத்தான் தூக்கினேன்.

"இந்தக் கனந்தான் இஞ்சினத் தூங்கவிடாம சுத்திக்கிட்டு இரிந்த. இப்ப போட்டிரிக்கிறது இதில பாதிகூட இல்ல. காலெடுத்தா டக்குன்னு நின்டுரும். ஒவ்வொரு நாளும் ஓடுற வாகனத்துக்கு இது வேணாம்ன்னு நான் சென்னேன், அவரு கேக்கல்ல. ஒங்களுக்குச் செல்ல வேணாம்ன்னும் சென்னாரு. நானும் செல்லாம இரிந்தேன், அது என்ட பிழைதான்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. உற்சாகமாகிவிட்டார். ஒரு வழியாக என்னோடு பேச விஷயம் கிடைத்துவிட்டது போல அந்த ஆங்கிலப் பத்திரிகையை விரித்துக் காட்டினார். கனத்தைக் குறைக்க மூன்று வழி இருந்ததாம். பழையதையே லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்துகொள்ளலாம், அது கஞ்சத்தனம். நடுத்தரமாக ஒன்று கொழும்பில் கிடைத்தது, அது கோழைகளுக்கு. எல்லாவற்றிலும் இலேசானதை எடுத்தால் இஞ்சின் கண் இமைக்கிற நேரத்தில் சுற்றி ஏறும். மலையேற்றப் பந்தயத்துக்கு அதுதான் தோதாம். அவர் ஒரு பந்தயத்துக்கும் பெயர் கொடுத்ததில்லை. மாலையில் வீட்டு வாசலில் நின்று வூம் வூம் என்று முடுக்கிக் கேட்பார், அவ்வளவுதான் அவருடைய பந்தயம்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னால் விடமாட்டீர்."

"அப்ப ஆறு வாரமா என் கை பதறுது, கை பதறுதுன்னீங்களே?"

"பதறத்தானே செய்யுது?" என்றார்.

அந்த நிமிடம் அவருடைய முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் வைக்கும்போது கூட என் விரல் அவர் கையில் படாமல் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் சாவியை அவரிடம் நீட்டினேன். "நீங்களே ஓட்டுங்க. எனக்குத்தான் பதறுதே." மறுக்க அவருக்கு மானம் விடவில்லை. பேராதனை தாண்டி ஏறும்போது இஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். சாவடி தெரிந்ததும் பேச்சு நின்றது.

கை காட்டினார்கள். கார் அணைந்து பின்னால் உருண்டது. அவர் பதறிப்போய் மறுபடி ஸ்டார்ட் பண்ணி மிதித்தார். கார் அலறிக்கொண்டு பாய்ந்து பீப்பாயில் போய் முட்டியது. நாலு பக்கமும் துவக்கு. "பஹின்ன" என்று கத்தி அவரை இழுத்து இறக்கினார்கள். கூரையில் கையை வைக்கச் சொல்லி, பூட்ஸால் தட்டிக் காலை விரிக்க வைத்தார்கள். ஒருவன் அட்டையை வாங்கித் திருப்பினான். யாழ்ப்பாணம் என்று மற்றவனுக்கு வாசித்துக் காட்டினான்.

அந்தச் சிப்பாய்க்கு என்னைத் தெரியும். குனிந்து ஜன்னலுக்குள் பார்த்து, இந்த ஆள் யார், ஏன் ஓடப் பார்த்தான் என்று சிங்களத்தில் கேட்டான். என் கணவர், காரில் ஒரு பழுது, இத்தனை நாளும் நீங்கள் பார்த்த அதே பழுதுதான் என்று சொன்னால் போதும். வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. நான் சொல்லவில்லை. காரின் கூரையில் அவருடைய விரல்கள் தடதடவென்று அடித்துக்கொள்வது உள்ளே எனக்குக் கேட்டது. நன்றாகப் பதறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நிமிடம் இருக்கும். சிப்பாய் துவக்கின் கட்டையால் அவர் விலாவில் ஓர் இடி இடித்தான். அவர் குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றுதான் பேசாமல் இருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகுதான் நான் இறங்கிப் பேசினேன். பேசியதும் விட்டுவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக விட்டார்கள். அவர்மேல் எனக்கு வந்திருந்ததைவிடப் பெரிய அருவருப்பு அப்போது என்மேலேயே வந்தது.

திங்கட்கிழமை அவரே நானாவிடம் போய்ப் பழைய பிளைவீலைப் போட்டுக்கொண்டு வந்தார். கார் முன்போலப் பூனை மாதிரி ஊர்ந்தது. அடுத்த நாள் காலை நான் காரை எடுத்து வாசலில் நிறுத்திக் காத்திருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு காரைத் தாண்டி நடந்தார். எங்க போறீங்க என்று கேட்டேன். பஸ்ஸுக்கு என்றார்.

"கார்தான் சரியாயிருச்சே?"

"கார் சரிதான்," என்றார். "பஸ்ஸில நாப்பது சனம் இருக்கும். ஆராவது ஒராள் எனக்காக வாய் திறக்கும்."