இல்லாத புத்தகத்துக்கு எங்கள் லைப்ரரியில் கிராக்கி

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தகவல் தேடப் பழக்குவது, பசியில்லாதவனுக்குச் சோறூட்டுகிற வேலை. என்னைப்போல நூலகத்தில் இருந்து மாரடிக்கிறவர்களே, உங்களுக்கு இது புதுக் கதை இல்லை, எண்டாலும் கேளுங்கோ.

கேள்வி நேரம்

இறுதி வருடத்தாருக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு. எங்கே தேடுவது, கிடைத்ததை நம்பலாமா, வாசித்த நூல்களின் பட்டியலான உசாத்துணையை எப்படி எழுதுவது என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். கடைசியில் ஒரு கை உயர்ந்தது. எனக்கெண்டால் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை.

"மிஸ், வை-ஃபை பாஸ்வேர்ட் என்ன?"

பக்க இலக்கம்

திரியாய் ஊர்த் தம்பி தனுஷன் வந்தான். கொட்டியாரக் குடா மீன்பிடி பற்றிய ஒரு புத்தகத்தின் பக்க இலக்கம் மட்டும் வேணுமாம், ஆய்வறிக்கையில் போட. தேடினால் நாட்டில் எந்த நூலகத்திலும் அது இல்லை. விசாரித்தால், போன வருட அக்காவின் உசாத்துணைப் பக்கத்தை அப்படியே வாங்கியிருக்கிறான். அவவுக்கு ஏஐ சொன்னதாம். அப்படியொரு புத்தகத்தை ஒருத்தரும் எழுதவே இல்லை! எங்கள் கம்பஸில் சீனியரின் உசாத்துணை ஜூனியருக்குச் சீதனம் மாதிரி. "எடுத்துவிடும் தம்பி" என்றேன்.

"எடுத்தா லிஸ்ட் கட்டையாப் போயிடும் மிஸ், அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சேரின் கட்டளை

கிண்ணியா ஊர் ரிஸ்வானா மட்டும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டாள். அவளிடமும் அதே சீதனம்தான் இருந்தது. நாள் தவறாமல் வந்து ஒவ்வொன்றாகத் தேடி, இல்லாததையும் தான் வாசிக்காததையும் வெட்டினாள். மிஞ்சியது கொஞ்சம், ஆனால் அத்தனையும் வாசித்தவை. பட்டத்தில் கிளாஸ், அதாவது சிறப்புத் தரம், எடுத்தால் இங்கேயே தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்று அவளுக்குப் பெரிய ஆசை.

உசாத்துணை போதாதென்று அவளுக்குப் புள்ளி குறைத்தார்கள். தனுஷனுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இருவரின் ஆய்வுக்கும் மேற்பார்வையாளர் ஒரே சேர்தான். நேரே அவரிடம் போய், தனுஷன் போட்ட மீன்பிடிப் புத்தகம் உலகத்திலேயே இல்லை என்றேன்.

"எங்கட லைப்ரரியில இல்லாததெல்லாம் உலகத்தில இல்லையோ மேடம்? முதல்ல அதை வாங்கிப் போடுங்கோ."

கடைசிக் கையெழுத்து

படிப்பு முடித்துப் போகிறவர்கள் நூலகக் கையெழுத்து வாங்க வேண்டும். ரிஸ்வானாவும் வந்தாள். கிளாஸ் மயிரிழையில் தவறிவிட்டது, அந்த வேலைக்கு இனி விண்ணப்பிக்கவே ஏலாது. ஏசப் போகிறாள் என்று தலை குனிந்தபடி கையெழுத்துப் போட்டேன்.

"உங்களோட கோவமில்ல மிஸ். வாற வருஷம் என்ட தங்கச்சி வருவா, அவக்கு மட்டும் இதப் படிச்சுக் குடுத்துராதீங்க."

வாற வருஷமும் வெட்கம் மானம் இல்லாமல் அதே பாடத்தைத்தான் எடுப்பேன், அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.