அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

கல்லடியில் சீனித்தம்பியின் சைக்கிள் கடைக்குப் போனால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வரலாம். கூடவே அவருடைய மாமனார் செய்த மோசத்தையும் கேட்டுக்கொண்டு வரலாம். அதற்குக் காசு கிடையாது.

மோசம் இதுதான். மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புஸ்பத்தைக் கட்டி சீனித்தம்பி போன வீடு, வாவிக்கரைப் பள்ளத்தில் இருந்த பழைய சுண்ணாம்புக் கட்டு. வீடு பார்க்க வந்த அன்று நடு அறையில் பெரிய தேக்கு அலுமாரி ஒன்று நின்றதாம். அதைப் பார்த்து மயங்கித்தான் தலையாட்டினாராம். முதல் மாரியிலேயே தலையணை நனைந்து எழும்பி, அலுமாரியை நகர்த்திப் பார்த்தால், பின்சுவர் இடுப்பளவுக்கு ஊறி உப்புப் பூத்துக் கிடக்கிறது. நாட்டுச் சண்டை பிறகுதான் மூண்டது. சீனித்தம்பிக்கும் சுவருக்குமான சண்டை அதற்கு மூத்தது.

சுவரோடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆற்று மணல் வரும் பாதை மூடிக்கிடந்ததால் கடற்கரை மணலைச் சீமெந்தில் குழைத்துப் பூசினார். மணலில் இருந்த உப்பு, மழைக்கு முன்பே வியர்க்கத் தொடங்கியது. தார் பூசினார். தாருக்கு மேல் அடித்த வெள்ளை நிற்கவில்லை. மேசனைக் கூப்பிடச் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஓட்டை எண்டா ஓட்டைதான் புள்ள. டியூப்பில இருந்தா என்ன, சுவரில இருந்தா என்ன?" என்பார். கடைசியில் பழைய டியூப்புகளை வெட்டி, சொலூஷன் தடவி, சுவர் முழுக்க ஒட்டி வைத்தார். காற்று அடிக்கவில்லையா என்று மட்டும் புஸ்பம் கேட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மகள் யோகமலருக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை புவனேந்திரனுக்கு வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் வேலை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. சோறு இரண்டு தரம் குழைந்து போனதில் அது வீட்டாருக்கும் தெரிந்துவிட்டது. வீடும் அவளுக்குத்தான், சுவரோடு சேர்த்து.

வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சீனித்தம்பி சத்தமில்லாமல் அலுமாரியின் ஒரு முனையைப் பிடித்துப் பழைய இடத்துக்குத் தள்ளினார். மறுமுனையைப் புஸ்பம் பிடித்தாள்.

"எங்கட அப்பா நல்ல மனிசன், என்ன?" என்றாள். அவர் அலுமாரியை இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினார்.

மாப்பிள்ளையும் தகப்பன் இராசதுரையும் வந்தார்கள். அறை அறையாகப் பார்த்தார்கள், பலகாரம் தின்றார்கள். எழும்பப் போகையில் பாலத்தை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கேயோ வெடித்ததாம், காலையில்தான் திறப்பார்களாம். அது வழக்கம்தான். ஆனால் மழையும் பிடித்துக்கொண்டது. புஸ்பம் வேறு வழியில்லாமல் நடு அறைக் கட்டிலில் மாப்பிள்ளைக்குப் படுக்கை விரித்தாள். கட்டிலின் தலைமாடு அலுமாரியை ஒட்டியிருந்தது.

புவனேந்திரன் தலையணையைத் தட்டிப் போடுவதைச் சீனித்தம்பி வாசலில் நின்று பார்த்தார். சொன்னால் சம்பந்தம் போய்விடும், மகளின் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இந்தப் பொடியனும் ஆயுசு முழுக்க மாமனாரைத் திட்டித் தீர்ப்பான். அந்த வேலை எப்படியிருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மனசு கேட்கவில்லை.

"மனே, அங்கால தலை வைக்காத. சுவர் ஊறும். அதை மறைக்கத்தான் அலுமாரிய வெச்சம்."

குசினி வாசலில் யோகமலர் கோப்பையும் கையுமாக நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து அலுமாரிக்குப் பின்னால் டியூப் ஒன்று தண்ணீர் கோத்து வீங்கி, சளாரென்று கழன்று விழுந்தது.

முதலில் சிரித்தவர் இராசதுரை. "நான் கட்டிப் போன மாமி வீட்டில சுவரை மறைச்சது அலுமாரி இல்லண்ணன். முருகன் படம். இவ்வளவு பெரிசு," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

பகல் முழுக்க ஐயா, ஐயா என்று கதைத்த புவனேந்திரன் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தான். "ஒரு கை பிடிங்க மாமா. இஞ்சால இழுத்துப் போடுவம்."

மாமா என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் யோகமலர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

கட்டிலை நகர்த்திவிட்டுச் சீனித்தம்பி குசினிக்குள் வந்தார். புஸ்பம் தேத்தண்ணியை நீட்டினாள். வெகுகாலமாகக் கேட்க நினைத்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"எங்கட அப்பாவும் அண்டைக்கு இப்படிச் சொல்லியிருந்தா, நீங்க வந்திருப்பீங்களா?"

அவர் ஒரு வாய் குடித்தார்.

"வந்திருப்பன் புள்ள. அண்டைக்கு நான் அலுமாரியையா பாத்துக்கொண்டு இருந்தன்?"