கமீலா விட்ட ஒரு வரி

கமீலா வாயை மூடிக்கொண்டிருந்த நாள் கிடையாது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி புத்தளத்துக்கு வந்தவள். மதுரங்குளி மருந்துக்கடையில் வேலைக்கு நின்று, வருகிறவர்களோடு வாயடித்தே சிங்களம் படித்துக்கொண்டாள். அந்தச் சிங்களத்தால்தான் அவளுக்கு ஊரில் ஒரு மவுசு. மத்தியானம் கடை வானொலியில் சிங்களத்தில் வானிலை அறிக்கை போகும். அதைக் கேட்டு, உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் வட்சப் குழுவுக்குத் தமிழில் பேசி அனுப்புவாள்.

முதலில் ஒன்றுவிடாமல்தான் சொன்னாள். "கமீலா ராத்தாட வானிலை ஜும்ஆ பயான விட நீளம்" என்று வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தோடு ஒப்பிட்டு யாரோ எழுத, குழுவே சிரித்தது. அவளுக்கு முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து வெட்டிக் குறைத்துச் சொல்லத் தொடங்கினாள்.

இந்தச் சித்திரையில் வெயில் கொளுத்தித் தள்ளியது. ஊரே வெயிலைத் திட்டியது, உப்பளத்தார் மட்டும் திட்டவில்லை. வெயில் ஏறினால்தானே உப்பு விளையும்! அவர்களுக்குப் பயம் மழைக்குத்தான். குவித்துவைத்த உப்பில் ஒரு மழை அடித்தால் பட்ட பாடெல்லாம் கரைந்து ஓடிவிடும். வானம் இருண்டால் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். இவர்கள் உப்பை மூடத் தறப்பாளைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடுவார்கள்.

அன்றைய அறிக்கையில் மூன்று விஷயம் இருந்தது. பகலில் கடும் வெப்பம். இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் மழை. மின்னும்போது திறந்த வெளியில் நிற்கவேண்டாம். கமீலா முதல் இரண்டையும் சொன்னாள். மூன்றாவது தினமும் வாசிக்கிற வரிதானே என்று விட்டுவிட்டாள். விட்டதோடு நிற்காமல், "மழ வருது புள்ளயள், உப்ப மூடிக்கோங்க!" என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்தும் விட்டாள்.

மூன்று மணிக்கு, பக்கத்து வீட்டு முஃப்லிஹா தன் உப்புக் குவியலை மூடிக்கொண்டிருந்தபோது பாத்தியோரத்துத் தென்னையில் இடி விழுந்தது. அவளைத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பிவிட்டது. இடது காது போய்விட்டது.

கமீலா அந்தக் குரல் பதிவைக் குழுவிலிருந்து அழித்தாள். ஏன் அழித்தாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். ஐந்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனாள்.

முஃப்லிஹா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"வாங்க ராத்தா. நீங்க சொன்னதாலதான் உப்பு தப்பிச்சிச்சி. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்."

இரண்டு அறை விட்டிருந்தால்கூட கமீலா தாங்கியிருப்பாள்.

கதிரையை இழுத்து, கட்டிலுக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். எந்தக் காது கேட்காது என்று தெரிந்துதான் போட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, மூச்சை விடுகிற அளவுக்குக் குரலை இறக்கினாள்.

"வெட்டவெளியில நிக்க வேணாமெண்டு ரேடியோல சொன்னாங்க புள்ள. நான்தான் சொல்லாம உட்டுட்டன்."

சொல்லிவிட்டோம், இனிப் பாரமில்லை என்று எழும்பப் பார்த்தாள். என்ன கேவலமான தந்திரம் என்று அவளுக்கே தெரியும்.

முஃப்லிஹா திரும்பினாள். "என்னமோ சொன்னீங்களே. அந்தக் காது கேக்காது ராத்தா. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

கமீலா நின்றாள். வாசல் நாலடி தூரம்தான். கதிரையைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். உட்கார்ந்து, இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னாள்.