மலைப்பாதை திறந்த அன்று வெடி வெடிக்கவில்லை

என் மகளை மலைக்கு எந்தப் பக்கத்தில் பள்ளியில் சேர்த்திருக்க வேண்டும்? அவள் இப்போது இரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். நான் இன்னும் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது சரியா என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் கணவர் முதலில் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். கேரளத்தில் விஷுவுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வெடி நன்றாகப் போகும். அதனால் மகள் பிறந்த மறு வருடம், மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊரில் சொந்தமாகக் கடை போட்டார். அந்த மலை எங்கள் மொட்டைமாடியிலிருந்தே நீலமாகத் தெரியும். ஆனால் அவர் கடைக்குப் போகத் தென்காசி, செங்கோட்டை என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். லோடு எப்போது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். மாதம் ஒரு முறை வருவார். சீசன் என்றால் அதுவும் இல்லை.

நேராக ஏறி இறங்க ஒரு பழைய பாதை இருந்தது. விருதுநகர் வியாபாரிகள் ஒரு காலத்தில் அதன் வழியாகத்தான் மிளகாயும் பருப்பும் அனுப்பி, ஏலக்காயும் பாக்கும் கொண்டுவந்தார்களாம். ஒரு பெருமழையில் பாதை சரிந்தது. அதன்பிறகு யாரும் அதை எடுத்துக் கட்டவில்லை. மாநில எல்லையில் இருந்த சாவடியையும் மூடிவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. திறந்தால் இரண்டு பக்கமும் வியாபாரம் பெருகும் என்று பேப்பரில் எழுதுவார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போன கூட்டத்தில் நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு முறை வெயிலில் நின்றிருக்கிறேன். வியாபாரம் பெருகுவதைப் பற்றி நான் அவ்வளவாக நினைத்ததில்லை. இவர் போனில் சொன்ன ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ரோடு மட்டும் தெறக்கட்டும். காலையில லோடோட ஏறுனா மத்தியானம் கடை. சாயங்காலம் வீடு. கம்பெனிக்குப் போயிட்டு வர்ற மாதிரிதான், பாத்துக்கோ.”

மகளுக்கு ஐந்து வயது முடிந்த ஜூன் மாதம், தன் கடைக்குப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்றால் என் மாமனார். ஆயுளில் பாதியைப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் கழித்தவர். காது அநேகமாகக் கேட்காது. அத்தை இறந்த பிறகு அவருக்குச் சோறு போட என்னை விட்டால் ஆள் இல்லை. நீங்களும் வாருங்கள் என்று அவர் காதருகே கத்தினேன்.

“இங்கனயே எனக்குக் காது கேக்கல. அங்கன போனா பாஷையும் புரியாது. நா எதுக்குத்தா வரணும்? நீங்க போங்க. நா எப்பிடியும் பொங்கித் தின்னுக்கிருவேன்” என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் பாதை வேலை உண்மையாகவே ஆரம்பித்திருந்தது. தை பிறந்ததும் திறந்துவிடுவார்கள் என்றார்கள். சில மாதம்தானே என்று மகளை இங்கேயே சேர்த்தேன். சேர்த்துவிட்டு வந்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் பெண்கள் எல்லாரும் தெருவுக்கு வந்து, எந்தத் திசையில் புகை, எந்தக் கம்பெனி என்று பார்ப்போம். மாமாவுக்குச் சத்தம் கேட்காது. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்து வருவார். அப்போதெல்லாம் மகள் பள்ளியில் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பின்னாலேயே வந்துவிடும்.

சொன்னபடி தை மாதம் பாதை திறந்தது. மலை உச்சியில், எல்லையில் விழா. இவர் அந்தப் பக்கமிருந்து ஏறி வர, நாங்கள் இந்தப் பக்கமிருந்து ஏறி, உச்சியில் சந்திப்பதாக ஏற்பாடு. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். எங்கள் ஊரில் வெடி போடாமல் எதுவும் ஆரம்பமாகாது. புது வண்டி, புது வீடு, பெண் பெரியவளானது, எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு சரம் வெடிக்க வேண்டும். அன்றைக்கும் வேனின் பின்சீட்டு முழுக்க வெடிக்கட்டுதான். மகள் அப்பாவுக்கென்று ஒரு பெட்டி கம்பி மத்தாப்பை மடியில் வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு மதினியும் வந்திருந்தார்கள். உறவு இல்லை, அப்படிக் கூப்பிடுவேன். பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறவர்கள்.

“ஏத்தா, புருசனப் பாக்கப் போறவ மாதிரியா இருக்கே? பரீச்சைக்குப் போற மாதிரில்ல மூஞ்சிய வச்சிருக்கே!”

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுகூட, பாதை திறந்துவிட்டால் அடுத்த ஜூனில் பள்ளி மாற்ற வேண்டியதில்லை, சேர்த்தது சரிதான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் புதுச் சாவடி. குறுக்கே கம்பு. காவலுக்கு இருந்தவர் வேனுக்குள் தலையை விட்டு, “உள்ள என்ன இருக்கு?” என்றார்.

“வெடிதான் சார்” என்றார் டிரைவர், பெருமையாக.

“எறக்குங்க.”

“தெறப்பு விழாவுக்கு வெடி இல்லாமயா சார்?” என்றார்கள் மதினி. “வேணும்னா மொதச் சரத்த நீங்களே பத்த வைங்க.”

அவர் சிரிக்கவில்லை. சாவடி ஓரத்தில் நட்டிருந்த பலகையைக் காட்டினார். எங்களோடு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். “படிச்ச பிள்ள நீதானத்தா, வாசி.” நான் இறங்கிப் போய்ச் சத்தமாக வாசித்தேன். காட்டுப் பகுதி என்பதால் தீப்பெட்டி, பட்டாசு, மண்ணெண்ணெய் முதலிய தீப்பற்றும் பொருள் எதையும் இவ்வழியே கொண்டுசெல்லத் தடை.

“சரி, மலையில வெடிக்கத்தான கூடாது?” என்றார்கள் மதினி. “லோடு போகலாம்ல?”

நான் பலகையை மறுபடி பார்த்தேன். கொண்டுசெல்ல என்றுதான் போட்டிருந்தது. சொன்னேன். எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து பலகையைப் பார்த்தார்கள். அநேகமாக எல்லா வண்டியிலும் வெடி இருந்தது.

இதை இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. மருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, இரும்புச் சாமான் கூடாது, அவசரமாக நடக்கக்கூடக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒட்டிக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டால் அது எங்களுக்குச் சரக்கு. மிளகாய் மாதிரி, நோட்டுப் புத்தகம் மாதிரி. இத்தனை வருடம் பாதை கேட்டோம். காட்டு வழியே அதை யார் விடுவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவள் என்று சொல்லப்படுகிற எனக்கும் தோன்றவில்லை. இவருக்காவது தோன்றியிருக்குமா?

மாமா வேனில் இருந்தபடியே, “என்னத்தா? என்ன போட்டிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. ஜன்னலருகே போய், அத்தனை பேர் நடுவிலும் கத்தினேன்.

“நம்ம சரக்கு இந்த வழியா போகாதாம் மாமா!”

அவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்காக வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதயும் குடுத்துரு.”

சாவடி மேஜையில் ஏற்கெனவே தீப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் எங்கள் ஊர்ப் பெட்டிகள். மகள் மத்தாப்பைக் கொடுக்க மாட்டேன் என்று அழுதாள். “வரும்போது வாங்கிக்கோ பாப்பா” என்று காவலுக்கு இருந்தவர் நல்லபடியாகத்தான் சொன்னார்.

உச்சியில் இவர் நின்றிருந்தார். அந்தப் பக்கச் சாவடியிலும் அதே பலகையாம், மலையாளத்தில். “இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன்” என்றார். நான் அதை நம்பினேன். நம்ப வேண்டும் என்று நினைத்தேன். விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள். வெடிச் சத்தம் இல்லாததால் எப்போது திறந்தது என்றே எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது, வாங்கி வைத்த வெடிகளை எல்லாம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார்கள். மத்தாப்புப் பெட்டியும் அதில் மிதந்தது. மகள் பார்ப்பதற்குள் அவள் முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

சரக்குத்தானே போகாது, ஆள் வரலாமே என்று அப்புறமும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. பஸ் விடவில்லை. மிளகாய் ஏற்றிப் போன லாரிகள் காலியாகத் திரும்பும்போது அதில் ஏறி இரண்டு மூன்று தடவை வந்தார். ஆனால் பட்டாசுக் கடைக்காரர் என்று சாவடியில் தெரிந்துபோயிற்று. அவர் பையிலும் சட்டையிலும் மருந்து வாடை வேறு. அவர் இருந்தால் லாரி முழுக்கச் சோதிப்பார்கள். கம்பைத் தூக்க நேரமாகும். டிரைவர்கள் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக, ஒங்களால எங்க வேல கெடுது” என்று ஒருவர் நேரிலேயே சொல்லிவிட்டாராம். இந்த விஷுவுக்கும் லோடு தென்காசி சுற்றித்தான் போனது. பாதை திறந்துதான் இருக்கிறது. மாடியில் நின்றால் சில நாள் லாரியின் கண்ணாடி வெயிலில் மின்னுவது போல எனக்குத் தோன்றும். அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது என்கிறார்கள் மதினி.

போன வாரம் இவர் வந்தார். கதவைத் திறந்தது மகள். “வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீகளா?” என்றாள். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களிடம் அப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். மாமா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கடைக்குக் கிளம்பும்போது, “ஜூனுக்குள்ள முடிவு பண்ணு. நா ஒண்ணும் சொல்லல” என்றார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கடையை மூடிவிட்டு வாருங்கள் என்று கேட்கலாம். அவருக்கு வேறு தொழில் தெரியாது. மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். தமிழ் எழுத்தே இப்போதுதான் கூடிவருகிறது. அங்கே எல்லாம் முதலிலிருந்து. மாமா தனியாக அடுப்பு முன்னால் நிற்பார். இருந்துவிடலாம் என்றால், அடுத்த தடவை வெளியே சத்தம் கேட்கும்போது நான் எந்த முகத்தோடு தெருவுக்கு வருவேன்?

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி இரண்டு பக்கமும் ஆட்களை வைத்துக்கொண்டு நின்றிருந்தால், எந்தப் பக்கம் போனீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். விட்டு வந்த பக்கத்தை என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். தைரியமாக இரு என்று மட்டும் வேண்டாம். அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பள்ளி திறப்பதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.