பாலத்துக்கு முன்னால் இறங்குகிறவர்

"சார் இறங்கிட்டாரு, போலாம் ரைட்!" என்று நடத்துனர் குரல் கொடுக்க, பேருந்து அவரை விட்டுவிட்டுப் பாலத்தின் மேல் ஏறுகிறது. காலை எட்டே கால். தோளில் துணிப்பை, கையில் மடக்குக் குடை, காலில் தூசி படிந்த கறுப்புச் செருப்பு. பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பிக்கிறார். அக்கரையில் ஒரு டீக்கடை உண்டு. ஓட்டுநர் ஒரு டீயை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்கும் இவர் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருக்கும். மறுபடி ஏறி, மகளுக்குப் பக்கத்தில் விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அதுவரை அந்த இடத்தில் மகளுடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். மாலையில் திரும்பும்போதும் இதே கூத்துதான்.

புதிதாக வருகிற பயணிகள் ஏதோ வேண்டுதல் என்று நினைக்கிறார்கள். சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். நடத்துனருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டே விட்டார். "பஸ்ஸே பத்து டன் இருக்கும் சார். அதுல அறுபது பேரு வேற. உங்க ஒருத்தர் எடை கொறஞ்சு என்ன ஆயிடப் போவுது?"

"என்னால ஆனது அவ்வளவுதாம்ப்பா" என்றார் இவர். சிரிப்பார் என்று நடத்துனர் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் அவருக்குச் 'சுத்தியல்' என்று பெயர். அரசாங்கம் கட்டுகிற பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது, இல்லை என்று எழுதிக் கொடுக்கிற தரப் பரிசோதகர். இருபத்தாறு வருஷமாக இந்த வேலைதான். துணிப்பையில் கைப்பிடி வழவழத்துப் போன ஒரு சின்னச் சுத்தியல். கான்கிரீட்டைத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். ணங்கென்று வந்தால் உள்ளே கெட்டி. பொத்தென்று வந்தால் உள்ளே காலி. அதற்கு மேல் அவரிடம் சாஸ்திரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் காது இதுவரை தப்பு சொன்னதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். "தர்பூசணி வாங்கப் போனா கடைக்காரன் இவரைப் பார்த்ததும் கும்பிடு போடறான்" என்பது மனைவியின் புலம்பல். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்றுகூடக் கேட்காமல், முன் அறையின் நடுவே நின்ற தூணை விரல் மடக்கித் தட்டினார் மனுஷன். தட்டினதோடு விட்டாரா? "பூச்சுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க, சீக்கிரம் பாருங்க" என்று யோசனையும் சொன்னார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. மனைவி மூன்று நாள் பேசவில்லை. மகளோ, "விடும்மா, அப்பா நல்ல வேளை மாப்பிள்ளையைத் தட்டிப் பார்க்கல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினம் இரண்டு தடவை அவள் இந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். இக்கரையிலேயே வேலை தேடிக்கொள்ளச் சொல்லிப் பல தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார். "இந்தக் கரையில யாருப்பா எனக்கு வேலை வெச்சிருக்கா?" என்பாள். சுற்றுப்பாதையில் போனால் நாற்பது கிலோமீட்டர். கூடவே இறங்கி நட என்றால், "அப்ப மிச்சம் இருக்கிறவங்க?" என்பாள். மறுநாளும் இவர் மட்டும் இறங்கி நடப்பார்.

பாலத்தின் மூன்றாவது தூண்தான் இவரைத் தினமும் பேருந்திலிருந்து இறக்குகிறது. ஆற்றின் வடகரை ஒரு மாவட்டம், தென்கரை இன்னொரு மாவட்டம். பாதிப் பாலத்துக்கு ஒரு திட்டத்தில் நிதி, மறு பாதிக்கு வேறு திட்டத்தில் நிதி. மூன்றாவது தூண் கரெக்டாக எல்லைக் கோட்டில், நட்டாற்றில் நிற்கிறது. அதை வார்த்த அன்றைக்கு இவர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவுக்கு நாற்காலி போதுமா என்று பார்க்க அனுப்பிவிட்டார்கள். வந்து தட்டிப் பார்த்தபோது பொத்தென்றது. நாலு இடத்தில் தட்டினார். நாலு இடத்திலும் பொத்து.

பாலத்தை ரிப்பன் வெட்டித் திறந்து ஏழு வருஷமாகிறது. ஆனால் காகிதத்தில் அது இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. முடித்துவிட்டோம் என்கிற சான்றிதழில் இவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக, "மூன்றாவது தூணில் உட்புறம் வெற்றொலி கேட்கிறது" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்த ஒரு வரி ஏழு வருஷமாக ஊர் சுற்றுகிறது. வடகரை அலுவலகம், தூண் தென்கரையைச் சேர்ந்தது என்றது. தென்கரை அலுவலகம், அது வடகரையின் சொத்து என்றது. தலைநகரத்திலிருந்து, வெற்றொலி என்றால் என்ன, விளக்கவும் என்று கேட்டார்கள். விளக்கினார். புகைப்படம் அனுப்பவும் என்றார்கள். அனுப்பினார். "படத்தில் குறை எதுவும் தென்படவில்லை" என்று பதில் வந்தது. சத்தத்தை எந்தப் படத்தில் பார்ப்பார்கள் இந்தப் புண்ணியவான்கள்? ஒருமுறை மேற்பார்வைக் குழு என்று மூன்று பேர் காரில் வந்தார்கள். பாலத்தின் மேலே நின்று ஆற்றைப் பார்த்தார்கள். "நல்ல காத்து" என்றார் ஒருவர். தூணைப் பார்க்கக் கீழே இறங்கலாமா என்று இவர் கேட்டதற்கு, சேறாக இருக்கிறதே என்று ஷூவைப் பார்த்துக்கொண்டார் இன்னொருவர். பதினோரு நிமிஷத்தில் கார் கிளம்பிவிட்டது.

அந்த ஏழு வருஷத்தில் அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் ஒரு பலகை. சான்றிதழ் ஆகாத பாலத்தில் பாரம் ஏற்றக் கூடாது என்று விதியில் ஒரு மூலையில் இருந்ததைத் தேடிப் பிடித்து, "லாரிகள் செல்லக் கூடாது" என்று பாலத்தின் இரண்டு முனையிலும் எழுதி நட்டார். ஜல்லி லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள். "என் பலகை" என்று வீட்டில் பேச்சுவாக்கில் சொல்வார். "என் மக" என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்.

போன மாதம் மேலதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்தார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெறுவதற்குள் மேஜையைக் காலி செய்துவிட வேண்டும் என்று நினைக்கிற சாதாரண மனுஷர். "தூணைப் பழுது பாக்கணும்னுதானே கேக்கறீங்க? மராமத்து நிதி கட்டி முடிச்ச பாலத்துக்குத்தான் வரும். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இது முடிஞ்ச பாலம். போடாத வரைக்கும் இது பாலமே இல்ல, ஆத்துல நிக்கிற கான்கிரீட்டு. முடிச்சுக் குடுங்க, மறுநாளே தூணுக்கு நிதி கேட்டு எழுதுவோம். நானே எழுதறேன்."

வீட்டில் சொன்னார். "அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பான்னு கூப்பிடலாம்ங்கிற கதையா இருக்கே" என்றாள் மனைவி. "நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, நல்லா இல்ல சரி பண்ணுங்கன்னா எவன் கேப்பான்?" அவருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் ஏழு வருஷமாக மாட்டேன் என்று சொல்லி என்ன கிழித்தோம் என்ற கேள்வி ராப்பகலாகக் குடைந்தது. இந்த வழியிலாவது தூணுக்கு ஒரு விடிவு வராதா என்கிற நப்பாசைதான். போட்டார். "முழுமையாகவும் தரமாகவும் முடிக்கப்பட்டுள்ளது" என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே போட்டார்.

மேலதிகாரி சொன்ன சொல் தவறவில்லை, மறுநாளே எழுதினார். பதிலும், அதிசயமாக, பன்னிரண்டே நாளில் வந்தது. மராமத்து நிதி மாவட்டவாரியாக, மோசமான பாலங்களுக்கு முன்னுரிமை கொடுத்துப் பங்கிடப்படுகிறது. சம்பந்தப்பட்ட பாலம் தரமாக இருப்பதாகத் தங்கள் பரிசோதகரே சான்றளித்துள்ளார். ஆகவே அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பரிசீலிக்க இயலாது. கடைசியில் ஒரு வரி: சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டதால் போக்குவரத்துத் தடைப் பலகைகளை உடனே அகற்றவும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இப்படி வரும்னு நான் நினைக்கல சார்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று. பலகையைப் பிடுங்க இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்தபோது இவரும் போய் நின்றார். "ரொம்ப ஆழமா நட்டிருக்காங்க சார், வரவே மாட்டேங்குது. எவன் நட்டானோ!" என்றான் ஒருவன்.

இந்தத் திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குப் பேருந்து வழக்கம்போலப் பாலத்துக்கு முன்னால் நின்றது. பேருந்துக்கு முன்னே ஒரு ஜல்லி லாரி, தார்ப்பாயைத் தாண்டிக் கல் பிதுங்க, முக்கி முனகிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நடத்துனர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இவர் எழுந்திருக்கவில்லை.

"சார், இறங்கலையா?"

"இல்லப்பா. போகச் சொல்லு."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பாலம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேம்ப்பா" என்றார். "எல்லாரையும் மேல உக்கார வெச்சுட்டு, இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் மட்டும் இறங்குவேன்?"

நடத்துனர் கதவைச் சாத்தினார். ரைட் என்று குரல் கொடுக்கவில்லை. கதவைத்தான் இரண்டு தட்டு தட்டினார். மகள் பழக்க தோஷத்தில், பக்கத்து இடத்தில் வைப்பதற்காகச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிவிட்டாள். அந்த இடத்தில் அப்பாவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். அவர் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். லாரிக்குப் பின்னால் பேருந்தும் பாலத்தில் ஏறியது. முதல் தூண் போயிற்று, இரண்டாவது தூண் போயிற்று. அவர் அந்தப் பையை மடியில் வைக்கவில்லை. இரண்டு கைகளாலும் மடிக்கு மேலே, அதன் எடை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.