ஜாக்கி சரிந்த மதியம்

தொண்டாமுத்தூரிலிருந்து தக்காளி ஏற்றிப்போகும் எங்கள் பிக்கப் வண்டியில், பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் புஷ் என்ற இரும்பு வளையம் தேய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கினாலே கடகடவென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துவிட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தும் துருப்பிடித்த பழைய புஷ் அசையவில்லை. சுத்தியலால் அடிக்க அடிக்க அவருக்குக் கோபம்தான் ஏறியது.

“ஏனுங்க, ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க. ஸ்டெப்னிய அடியில வெச்சுப்போடுங்க” என்றேன்.

“உனக்கென்ன தெரியும் அம்மணி? சும்மா போ அந்தப் பக்கம்!”

எனக்கும் பொறுமை போய்விட்டது. நானே அந்த ஸ்டெப்னி டயரை உருட்டிவந்து வண்டிக்கு அடியில் தள்ளினேன். “எப்படியோ போய்த் தொலைங்க” என்று கத்திவிட்டுத் திரும்பினேன்.

சமையலறையை எட்டுவதற்குள் ஜாக்கி சரிந்த சத்தம். ஓடினேன். வண்டி ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்து, “ஒண்ணும் ஆகல அம்மணி” என்றார்.

ஸ்டெப்னி வைத்ததற்காக எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அது நினைவில் நிற்பதேயில்லை. அன்று அவர் போயிருந்தால், என்னிடமிருந்து கடைசியாகக் கேட்டது அந்த வார்த்தையாகத்தான் இருந்திருக்கும்.